தசமக் கணக்கும் மதிப்பிடும் அறிவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

      

ஒரு கல்விச் சங்கம் 25 ஆண்டுகள் இடையறாது நின்று பணியாற்றுவது எளிய செயல் அன்று. நாட்கூலியில் ஒரு பகுதியைச் சந்தாவாகக் கொடுத்தவர்கள், வேலை முடித்து வந்த களைப்போடு மாலை வகுப்பு எடுத்தவர்கள், தம் வீட்டுத் திண்ணையைப் பள்ளியாக்கித் தந்தவர்கள் ஆகியோரின் உழைப்பே இன்று வெள்ளி விழாவாக மலர்ந்திருக்கிறது. அவர்கள் அனைவரையும் வணங்கி, நமக்கு அளிக்கப்பட்ட பணிக்கு வருகிறோம்.

இத்தகைய மேடைகளில் உயர்கல்வி, வேலைவாய்ப்பு, இட ஒதுக்கீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவை பேசப்பட வேண்டியவையே. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தசம எண்களின் கூட்டல், கழித்தல் விடைகளை முன்கூட்டியே மதிப்பிடக் கற்பிப்பது எவ்வாறு என்பதே அது. பி.ஏ. படித்தவர் கணக்கைப் பற்றிப் பேச வரலாமா என்று சிலர் எண்ணக்கூடும். தொடக்கப் பள்ளிக் கணக்கு மேதைகளுக்கு மட்டும் உரிய சொத்து அன்று. அது சோறு போன்றது, எல்லார்க்கும் உரியது. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வள்ளுவர் உரைத்தார். நம் மக்கள் எழுத்தைப் பற்றிக் காட்டிய அக்கறையை எண்ணைப் பற்றியும் காட்ட வேண்டும் என்பது நம் நெடுநாளைய எண்ணம்.

அளவு நமக்குச் சிறு செய்தி அன்று

அளவை நம் முன்னோர் வேறு விதமாக அறிந்திருந்தனர். நெல்லை விளைவித்தவர் ஒருவர். மரக்காலைக் கையில் பிடித்தவர் மற்றொருவர். அளப்பவர் கூறியதே கணக்கு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட உழவுத் தொழிலாளர் போராட்டத்தின் தொடர்ச்சியாக, அன்றைய கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று இரவு பெண்களும் குழந்தைகளும் உட்பட 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். அவ்வூர் உழைப்பாளிகள் கணக்கு அறியாதவர் அல்லர். தமக்கு வர வேண்டியது எவ்வளவு என்பதை அறிந்தே கேட்டனர். ஆகவே, கணக்கு கற்றுவிட்டால் மட்டும் அநீதி ஒழிந்துவிடும் என்று நாம் கூற வரவில்லை. ஆனால், தனக்கு உரியது எவ்வளவு என்று அறியாதவன் அதைக் கேட்கவும் முடியாது என்பதை எவரும் மறுக்க இயலாது.

இன்று மரக்கால் மறைந்து மின்னணுத் தராசு வந்துவிட்டது. நியாய விலைக் கடையில் சர்க்கரையும் பருப்பும், அடகுக் கடையில் தாலிச் சங்கிலியும், பால் சங்கத்தில் பாலின் கொழுப்புச் சத்தும், மருத்துவமனையில் காய்ச்சலும் இரத்தச் சத்தும் தசம எண்களிலேயே கூறப்படுகின்றன. எண்கள் எதிரே ஒளிர்கின்றன, எவரும் மறைக்கவில்லை. எனினும் அவற்றின் அளவை உணராதவர்க்கு ஒளிரும் எண்ணும் மறைந்த எண்ணும் ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு தாய் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக 7.850 கிராம் எடையுள்ள சங்கிலியையும் 3.960 கிராம் எடையுள்ள தோடுகளையும் அடகு வைக்கிறாள் என்று கொள்வோம். சீட்டில் மொத்த எடை 10.810 கிராம் என்று எழுதப்பட்டிருக்கிறது. உடன் சென்ற மகள் காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பார்க்கும் சூழ்நிலை அங்கே இல்லை. ஆனால், ஒன்று ஏறத்தாழ 8, மற்றொன்று ஏறத்தாழ 4, இரண்டும் சேர்ந்தால் 12க்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்று அவள் ஒரு நொடியில் மனத்தில் கண்டுவிட்டால், 10.810 என்னும் எண் அவள் கண்ணை உறுத்தும். 'ஐயா, இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள்' என்று அவள் பணிவாகவும் உறுதியாகவும் கேட்பாள். சரியான விடை 11.810. ஒரு கிராம் பொன் காப்பாற்றப்பட்டது. பிழை அறியாமல் நேர்ந்ததா, அறிந்தே நேர்ந்ததா என்று ஆராயும் தேவை அவளுக்கு இல்லை. 'இது சரியாக இருக்க முடியாது' என்று அவள் தானே உணர்ந்ததுதான் இங்கே முதன்மையானது. இந்த ஓர் உணர்வை நம் பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் ஊட்ட வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம்.

மதிப்பிடுதல் என்பது யாது?

ஊர்ப்புறங்களில் 'குத்துமதிப்பு' என்று ஒரு சொல் வழங்குகிறது. களத்தில் குவிந்த நெற்பொலியைக் கண்டு இத்தனை மூட்டை தேறும் என்று நம் பெரியோர் கூறுவர். பந்திக்கு வந்தவர்களை நோக்கி எவ்வளவு அரிசி உலையில் இட வேண்டும் என்று நம் தாய்மார் அளக்காமலே அறிவர். இவையெல்லாம் மதிப்பீடுகளே. பள்ளி வாசலை மிதிக்க விடப்படாத காலத்திலும் நம் மக்கள் கைவிடாத அறிவு இது. நம் பிள்ளைகள் இவ்வறிவை வீட்டிலிருந்தே கொண்டு வருகின்றனர். பள்ளி அதனை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வதுதான் வருந்தத்தக்கது.

கணக்கில் மதிப்பிடுதல் என்பது, கணக்கைச் செய்வதற்கு முன்பே விடை எந்த அளவில் அமையும் என்று காரணத்தோடு கூறுவதாகும். காரணம் இன்றி வாய்க்கு வந்த எண்ணைக் கூறுவது ஊகம். 48.75, 112.40, 19.90 ஆகிய மூன்று தொகைகளைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்று கேட்டபோது, 'இருநூறு' என்று ஒரு பிள்ளை கூறினால் அது ஊகமாக இருக்கலாம். '49, 112, 20 ஆகியவற்றைக் கூட்டினால் 181. ஆகவே அதன் அருகில்' என்று கூறினால் அது மதிப்பீடு. உண்மை விடை 181.05.

அணாவிலிருந்து தசமத்திற்கு

தசமம் என்பது நேற்று வந்த வழக்கம் என்பதையும் பிள்ளைகளுக்குக் கூற வேண்டும். நம் நாட்டில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை என்று 192 கூறுகளாகப் பணம் எண்ணப்பட்டு வந்தது. தமிழரின் பழைய கணக்கிலும் அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்தவர்க்கே இக்கணக்கு கைவந்தது. அத்திண்ணையில் நம்மவர்க்கு இடம் இருக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் நாணயத் திருத்தச் சட்டப்படி, 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. 1964இல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1958 முதல் கிலோவும் மீட்டரும் படிப்படியாக வந்தன.

ஐரோப்பாவிலும் தசமக் கணக்கைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற நூல் ஒரு சிறு வெளியீடே. சைமன் ஸ்டெவின் என்பார் அதனை 1585இல் வெளியிட்டார். நில அளவையாளர், துணி அளப்போர், வணிகர் முதலிய தொழிலினரை விளித்தே அவர் அந்நூலைத் தொடங்கினார். தசமம் உழைப்போர்க்கும் கொடுக்கல் வாங்கல் செய்வோர்க்கும் உதவும் கருவியாகவே அங்கே பொதுமக்களிடம் சென்றது என்பது இதனால் விளங்கும்.

நம் அண்ணல் அம்பேத்கர், ரூபாயின் பிரச்சினையை ஆராய்ந்து எழுதிய நூல் 1923இல் இலண்டனில் வெளிவந்தது. ஒரு நாட்டின் பணக் கணக்கையே எடைபோட்டுப் பார்க்கும் அறிவு அவரிடம் இருந்தது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்து நான்கு மாதம் நிறைவதற்குள் அந்த ரூபாய் நூறு கூறாகப் பிரிந்தது. 'கணக்கு உங்கள் பிள்ளைகளுக்கு வராது' என்று எவரேனும் கூறுவாராயின், அவர்க்கு இந்த ஒரு நூலே போதிய விடையாகும்.

25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 அன்று செல்லாதவை ஆயின. ஆதலால் இன்றைய பிள்ளை பைசாவைக் கையில் தொட்டு அறியாது. பட்டியலில் 48.75 என்று அச்சாகிறது. கொடுப்பதோ 49 ரூபாய். முற்காலத்தில் நாணயமே தசமத்தைக் கற்பித்தது. இன்று அப்பணியை ஆசிரியரும் மாலை வகுப்பு நடத்தும் இளைஞரும் ஏற்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள்

மதிப்பிடக் கற்பிக்கும் முன், தசம எண்ணைப் பிள்ளைகள் எவ்வாறு பார்க்கின்றனர் என்பதை ஆசிரியர் அறிய வேண்டும். முதல் தடுமாற்றம், இலக்கம் கூடினால் எண்ணும் பெரிது என்று கருதுவது. 0.125, 0.5 இவற்றுள் எது பெரிது என்று கேட்டால், 125 பெரிது, 5 சிறிது என்று எண்ணி முன்னதையே பெரிது என்பர். முழு எண்ணில் கற்ற விதியைப் புள்ளிக்கு அப்பாலும் கொண்டு செல்வதால் இது நேர்கிறது. 0.5 என்பது பாதி, 0.125 என்பது எட்டில் ஒன்று, அதாவது அரைக்கால். அரைக்கால் அரையைவிடப் பெரிதாகுமா என்று கேட்டுவிட்டால், பிள்ளை தானே சிரித்துக்கொண்டு திருத்திக்கொள்ளும்.

இரண்டாவது, சுழியின் இடம். தராசில் 2.050 என்று கண்டால் இரண்டு கிலோ ஐம்பது கிராம். 2.50 என்று கண்டால் இரண்டரைக் கிலோ. 2.5 என்றாலும் அதே இரண்டரைக் கிலோ. இம்மூன்றையும் குழப்பிக்கொண்டால் கிட்டத்தட்ட அரைக் கிலோ கைநழுவிப் போகும். அவ்வாறே மூன்று ரூபாய் ஐந்து பைசாவை 3.5 என்று எழுதும் பிள்ளைகள் பலர். அது 3.05 என்று எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, புள்ளி இட்ட எல்லாவற்றையும் தசமம் என்று கருதுவது. கிரிக்கெட் ஆட்டத்தில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். ஓர் ஓவருக்கு ஆறு பந்து ஆதலால் அது நாலரை ஓவர். தசமத்தில் எழுதினால் 4.5 ஆகும். பேருந்து நேரம் 2.30 என்பது இரண்டரை மணி. ஐந்தடி ஆறு அங்குலம் என்பதை 5.6 அடி என்று எழுதுவது பிழை. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் அது ஐந்தரை அடி. இளைஞர்கள் நாள்தோறும் பேசும் கிரிக்கெட்டிலிருந்தே இதை விளக்கினால் எந்தப் பிள்ளையும் மறவாது.

கற்பிக்கும் முறை

முதற்படி, தசம எண்ணின் இடத்தைக் கண்ணால் காணச் செய்வது. வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஐந்து மீட்டர் நீளக் கோடு ஒன்று வரைக. மீட்டர்தோறும் 0, 1, 2, 3, 4, 5 என எழுதி, ஒவ்வொரு மீட்டரையும் பத்துக் கூறாக்குக. ஒரு பிள்ளையை 3.4இல் நிற்கச் சொல்க. மற்றொரு பிள்ளையை 3.7இல் நிற்கச் சொல்க. அவரவர்க்கு அருகில் உள்ள முழு எண் எது என்று கேட்க. முதற்பிள்ளை 3க்கும் இரண்டாம் பிள்ளை 4க்கும் நகரும். 3.5இல் நிற்பவர் எங்கே செல்வது என்று பிள்ளைகளே வினவுவர். இரண்டும் சம தூரம்; எனினும் மேலே செல்வது என்று வழக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று கூறுக. இது சட்டம் அன்று, உடன்பாடு என்பதையும் மறையாது கூறுக. இப்பயிற்சிக்குச் சுண்ணக்கட்டி ஒன்றே செலவு.

இரண்டாம் படி கூட்டல். 12.5, 3.75, 0.125 ஆகியவற்றைக் கூட்டுமாறு கொடுத்தால், பல பிள்ளைகள் வலப்புறத்து இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து 125, 375, 125 ஆகியவற்றைக் கூட்டி 625 என்று கண்டு, ஏதோ ஓரிடத்தில் புள்ளியை இட்டு 6.25 என்பர். 'புள்ளியின்கீழ் புள்ளி' என்னும் விதியை நூறு முறை கூறுவதைவிட, கணக்கைத் தொடுமுன் மதிப்பிடச் செய்வது நலம். 'முதல் எண்ணே பன்னிரண்டரை. அதனோடு ஏறத்தாழ நான்கைக் கூட்டுகிறோம். விடை 16க்குச் சற்று மேல் வர வேண்டும்' என்று பிள்ளை கூறிவிட்டால், 6.25 என்னும் விடையை அதுவே ஏற்காது. பன்னிரண்டோடு கூட்டிய பின் ஆறாகக் குறைவது எவ்வாறு? உண்மை விடை 16.375. விதியை மறந்த பிள்ளையையும் மதிப்பீடு வழிக்குக் கொண்டு வரும்.

கூட்டலில் மற்றொரு நுட்பம் உண்டு. 3.4, 5.3, 2.4, 6.4 ஆகிய நான்கையும் முழு எண்ணாக்கினால் 3, 5, 2, 6, மொத்தம் 16. உண்மை விடையோ 17.5. எல்லா எண்களும் ஒரே பக்கம் குறைக்கப்பட்டதால் குறை சேர்ந்துவிட்டது. எனவே முழு எண்களைக் கூட்டிய பின், விடுபட்ட சில்லறையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். .4, .3, .4, .4 சேர்ந்தால் ஒன்றரை. அதனையும் சேர்த்தால் விடை கைக்கு வந்துவிடும். 'பெரியதை முதலில் எண்ணு. சில்லறையைப் பின்னர்ப் பார்' என்பதே கடைவீதியில் நம் மக்கள் பின்பற்றும் முறை.

மூன்றாம் படி கழித்தல். 20இலிருந்து 6.75ஐக் கழிக்கும்போது, 20இல் 6 போக 14, மேலும் .75 என்று 14.75 எழுதும் பிள்ளைகளை எல்லாப் பள்ளிகளிலும் காணலாம். 'கொடுத்தது ஆறுக்கும் மேல்; ஆகவே மீதி பதினான்குக்கும் கீழ். கொடுத்தது ஏழுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மீதி பதின்மூன்றுக்குச் சற்று மேல்' என்று இருபுறமும் வேலி கட்டிவிட்டால் 14.75 வேலிக்கு வெளியே நிற்கும். உண்மை விடை 13.25.

கழித்தலில் எண்களை எப்பக்கம் நகர்த்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 8.6இலிருந்து 3.7ஐக் கழிக்க 9இலிருந்து 4ஐக் கழித்தால் 5; உண்மை 4.9. இரண்டு எண்களும் ஒரே பக்கம் நகர்ந்ததால் வேறுபாடு பெரிதும் மாறவில்லை. 9.4இலிருந்து 3.6ஐக் கழிக்க 9இலிருந்து 4ஐக் கழித்தாலும் 5தான், உண்மையோ 5.8. இங்கே மேலெண் கீழேயும் கீழெண் மேலேயும் நகர்ந்தன. இரு நகர்வும் சேர்ந்து விடையைக் குறைத்துவிட்டன. இரு எண்களோடும் .4ஐக் கூட்டி 9.8, 4 என்று ஆக்கினால் 5.8 என்னும் விடை துல்லியமாகவே வந்துவிடும். இருவர் ஒரே திசையில் ஒரே அளவு நடந்தால் இடையே உள்ள தூரம் மாறாது என்று, தரையில் வரைந்த கோட்டின்மேல் இரு பிள்ளைகளை நடக்கச் செய்து காட்டலாம்.

நான்காம் படி, எந்த அளவுக்கு முழுமையாக்குவது என்று அறிதல். 4.62இலிருந்து 4.18ஐக் கழிப்பதை முழு எண்ணில் மதிப்பிட்டால் 5இலிருந்து 4 போக 1. உண்மை விடை 0.44; பாதிக்கும் குறைவு. நெருங்கிய எண்களுக்கு முழு எண் போதாது. பத்தில் ஒன்றுக்கு முழுமையாக்கி 4.6இலிருந்து 4.2ஐக் கழித்தால் 0.4 வரும். வைக்கோலை எடைபோடும் தராசில் பொன்னை எடைபோடலாகாது அன்றோ?

ஐந்தாம் படி, நோக்கத்திற்கு ஏற்ப மதிப்பிடுதல். கையில் 200 ரூபாய் இருக்கிறது. வாங்க வேண்டிய மூன்று பொருள்களின் விலை 64.50, 82.25, 47.60. பணம் போதுமா என்பதே கேள்வி. இங்கே எல்லாவற்றையும் மேல்நோக்கியே கொள்ள வேண்டும். 65, 83, 48 சேர்ந்தால் 196. ஆகவே பணம் கட்டாயம் போதும். மீதி நான்கு ரூபாய்க்குக் குறையாது. உண்மைத் தொகை 194.35, மீதி 5.65. மாறாக, நமக்கு வர வேண்டிய பாலின் அளவையோ பஞ்சின் எடையையோ மதிப்பிடும்போது கீழ்நோக்கிக் கொண்டால், இதற்குக் குறைந்து எவர் கூறினாலும் அது பிழை என்று துணிந்து கூறலாம். செலவுக்கு மேல்நோக்கியும் வரவுக்குக் கீழ்நோக்கியும் மதிப்பிடுவது ஏமாறாமைக்கு வழியாகும்.

நோயின் கணக்கும் இவ்வாறே. கருவுற்ற தாயின் இரத்தத்தில், கருக்காலத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும், ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையின் அது சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒரு மாதம் 8.7 என்றும் அடுத்த மாதம் 9.6 என்றும் அட்டையில் எழுதியிருந்தால், ஏறத்தாழ ஒரு கிராம் ஏறியிருக்கிறது, இன்னும் ஏறத்தாழ ஒன்றரை ஏற வேண்டும் என்று வீட்டில் உள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூற வேண்டும். குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து 2.5 மி.லி. என்றிருப்பதை 25 என்று படித்தால் நேரும் கேட்டை விரித்துரைக்கத் தேவையில்லை. 'ஒரு சிறு குழந்தைக்கு இவ்வளவு மருந்தா?' என்று ஐயுறும் மனமே அங்கே காவலாக நிற்கும்.

வகுப்பில் கடைப்பிடிக்க வேண்டிய நெறி

கணக்கை எழுதியவுடன் செய்யத் தொடங்க விடாதீர்கள். பக்கத்தின் இடப்புறத்தில் முதலில் மதிப்பீட்டை எழுதச் செய்யுங்கள். பின்னர் கணக்கைச் செய்து இரண்டையும் ஒப்பிடச் செய்யுங்கள். விடை வந்த பின் மதிப்பீட்டை அழித்துத் திருத்தும் வழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. மதிப்பீடு சற்று விலகியிருப்பது குற்றம் அன்று என்று அவர்களுக்கு உறுதி கூறினால் அவ்வழக்கம் நீங்கும். 181.05 என்னும் விடைக்கு 180 என்ற பிள்ளைக்கும் 182 என்ற பிள்ளைக்கும் ஒருசேர மதிப்பெண் அளிக்க வேண்டும். 'எவ்வாறு கண்டாய்?' என்னும் கேள்வியை மட்டும் எவரிடமும் கேளாது விடலாகாது. மதிப்பிடுவதற்கு ஒரே வழிதான் என்பது இல்லை. ஒருவர் பத்துகளாகவும் மற்றொருவர் முழு எண்களாகவும் காண்பர். இருவர் கூறும் காரணத்தையும் வகுப்பு முழுவதும் கேட்க வேண்டும்.

இன்று கைப்பேசியில் கணிப்பான் இருக்கும்போது இது எதற்கு என்று இளைஞர்கள் வினவலாம். கணிப்பான் பிழை செய்வதில்லை; விரல் பிழை செய்கிறது. 19.90க்குப் பதிலாக 1990 என்று அழுத்தினாலும் கருவி முகம் சுளிக்காமல் விடை தரும். அவ்விடையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியவர் நாமே. கருவி பெருகப் பெருக மதிப்பிடும் அறிவின் தேவையும் பெருகுகிறது.

இதில் மற்றோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. நம் பிள்ளைகளிற் பலர் வகுப்பில் விடை தெரிந்தும் வாய் திறவாது இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். தவறாகக் கூறிவிட்டால் 'இவர்களுக்கு இவ்வளவுதான் வரும்' என்று தம் தெரு முழுவதையும் சேர்த்துக் கூறிவிடுவார்களோ என்னும் அச்சம் அவர்கள் நாவைக் கட்டுகிறது. ஒரே சரியான விடை, மற்றவை எல்லாம் தவறு என்னும் வகுப்பில் அவ்வச்சம் வளரும். மதிப்பீட்டு வகுப்பில் பல விடைகளுக்கு இடம் உண்டு. காரணம் கூறுபவர்க்கு மதிப்பு உண்டு. அங்கே அப்பிள்ளை முதன்முறையாக எழுந்து நின்று பேசும். அவ்வாறு எழுந்து பேசக் கற்ற பிள்ளை, நாளை எந்த அலுவலகத்தின் முன்னும் எழுந்து பேசும்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்தின் இளைஞர்களிடம் மூன்று செயல்களை வேண்டுகிறோம். முதலாவது, மாலை வகுப்பில் நாள்தோறும் பத்து நிமிடத்தை இதற்கென ஒதுக்குங்கள். நியாய விலைக் கடைச் சீட்டு, மளிகைப் பட்டியல், மின் கட்டண அட்டை, பால் கணக்குச் சீட்டு ஆகியவற்றைச் சேகரித்து, பெயர்களை மறைத்துவிட்டு, அவற்றையே பாடமாக்குங்கள். பட்டியலின் மொத்தத்தைக் கையால் மூடிக்கொண்டு, மதிப்பிட்ட பின் திறந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே தோன்றும்.

இரண்டாவது, படிப்பகத்தில் ஓர் அளவு நாடா, ஒரு சிறு தராசு, ஒரு லிட்டர்க் குவளை, ஒரு வெப்பமானி ஆகிய நான்கையும் வாங்கி வையுங்கள். 0.5 கிலோ எவ்வளவு கனக்கும், 0.25 லிட்டர் குவளையில் எதுவரை நிற்கும் என்று கையாலும் கண்ணாலும் அறிந்த பிள்ளைக்கே எண்ணைக் கண்டவுடன் அளவு மனத்தில் தோன்றும்.

மூன்றாவது, பெரியவர்கள் கையொப்பமிடும் முன்போ கைந்நாட்டு வைக்கும் முன்போ அச்சீட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இதைச் செய்ய வேண்டும். கடைக்கும் மருத்துவமனைக்கும் அடகுக் கடைக்கும் தாயோடு செல்பவர் பெரும்பாலும் அவர்களே. சண்டையிடத் தேவையில்லை. மனத்தில் மதிப்பிட்டு, பொருந்தாவிடில் மறுமுறை கூட்டிக் காட்டுமாறு கேட்டாலே போதும். கேட்பார் உண்டு என்று அறிந்த இடத்தில் கணக்குப் பெரும்பாலும் சரியாகவே எழுதப்படும்.

அன்பார்ந்த இளைஞர்களே! நம் முன்னோர்க்கு அளந்து கொடுத்தவர் கூறியதே கணக்காக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அவ்வாறு இருத்தல் ஆகாது. பிறர் கூறும் எண்ணைக் கேட்டவுடன் 'இது பொருந்துமா?' என்று தம் மனத்தோடு ஒத்துப் பார்க்கும் பிள்ளைகளை இச்சங்கம் உருவாக்க வேண்டும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. நாளைய மாலை வகுப்பிலேயே ஒரு சுண்ணக்கட்டியோடு தொடங்கலாம்.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் பொன் விழாவும் மணி விழாவும் காண்க என வாழ்த்தி அமைகிறோம்.